பிக்கப்பில் படுக்கை: வெல்டிங் இல்லாமல் ஒரு கேம்பர்

"நம்ம பிக்கப்புல பின்னாடி ஒரு கட்டில் அடிச்சு, மேல கூண்டு போட்டுட்டா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஏதும் சொல்வாங்களா?" தேனி, சின்னமனூர், கம்பம் பக்கம் பிக்கப் வைத்திருக்கும் இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. வாரம் முழுக்க வாழைத்தாரும் தேங்காயும் பன்னீர் திராட்சையும் ஏற்றும் வண்டி, ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கிறது. அதிலேயே படுத்து எழுந்து மேகமலை, சுருளி, குமுளி என்று சுற்றி வந்தால் என்ன? போனில் வீடியோக்களைப் பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் தெரிகிறது. வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் நாலே நாளில் வண்டி வீடாகிவிடும் என்கிறார்கள்.

கேள்விக்கு நேரான பதில்: படுக்கை போடலாம், ஆனால் வண்டியோடு சேர்த்துப் பற்றவைக்கக் கூடாது. ஏற்றி இறக்கக்கூடிய சரக்கு போல இருக்கிற வரை அது சாமான். வெட்டி, ஒட்டி, துளை போட்டு நிரந்தரமாக்கிவிட்டால், ஆர்.சி.யில் எழுதியிருக்கிற வண்டி வேறு, ரோட்டில் ஓடுகிற வண்டி வேறு என்று ஆகிவிடும். சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. செலவும் அங்கேதான் எகிறுகிறது.

யோசனை ஒன்றும் நமக்குப் புதிது இல்லை. மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள், வண்டியிலேயே வைக்கோல் பரப்பிப் படுத்து, வண்டிக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு வந்தார்கள். சபரிமலை சீசனில் கம்பம், குமுளி சாலையோரம் ஐயப்ப பக்தர்கள் வேனை நிறுத்திச் சமைப்பதை இன்றும் பார்க்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் இருக்கும் விவரங்களும் தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களும் மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்பது இதன் சாரம். 'மாற்றம்' என்றால் என்ன என்பதையும் அந்தப் பிரிவே விளக்குகிறது: வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறிப்போகும் அளவுக்குக் கட்டமைப்பில் செய்யும் மாற்றம். சரக்குத் தளத்தின் மேல் நிரந்தரமாக ஒரு அறை கட்டுவது இதில் வரும். பலகையை வைத்து, பெல்ட் போட்டுக் கட்டி, வீடு திரும்பியதும் இறக்கி வைத்தால் வண்டியின் கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கறாராகவே வாசித்தது. மீறினால் பிரிவு 182ஏ-இன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள்.

பக்கத்து மாநிலத்தில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2021 ஆகஸ்டில் கேரளத்தின் கண்ணூரில், 'இ புல் ஜெட்' என்ற யூடியூப் சேனல்காரர்கள் பயண வீடாக மாற்றி ஓட்டிய வேனை, விதிகளை மீறிய மாற்றங்களுக்காக மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்தது. பிறகு அதன் பதிவும் நிறுத்திவைக்கப்பட்டது. வீடியோவில் லட்சக்கணக்கானவர்கள் ரசித்த வண்டி அது.

பின்னால் யாரும் உட்காரக் கூடாது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம்ம ஊர்ப் பழக்கம் அப்படி. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கும், காதுகுத்துக்கும், ஏலத்தோட்ட வேலைக்கும் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. படுக்கை போட்டுவிட்டால் சபலம் இன்னும் கூடும். "பிள்ளைங்க பின்னாடி படுத்துத் தூங்கிட்டே வரட்டுமே, மெத்தைதான் இருக்கே" என்று தோன்றும்.

தோன்றினாலும் வேண்டாம். முதலில் உயிர் ஆபத்து. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேகமலைச் சாலையில் 18, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். இந்த வளைவுகளில் சீட் பெல்ட் இல்லாமல் படுத்திருக்கும் பிள்ளை, ஒரு திடீர் பிரேக்கில் எங்கே போய் மோதும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது காப்பீடு. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்லும் பயணிகளுக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை என்று ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதாவது, பாலிசி நடப்பில் இருந்தாலும், பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு ஏதாவது ஆனால் இழப்பீட்டுச் சுமை வண்டி உரிமையாளர் தலையில்தான் விழும். தோட்டத்தை விற்றுக் கொடுக்க வேண்டிய நிலை வரலாம். ஆகவே கேபினில் ஆர்.சி.யில் சொன்ன இருக்கை எத்தனையோ அத்தனை பேர்தான் பயணம். மற்றவர்கள் பஸ்ஸில் வரட்டும். வண்டி நின்ற பிறகு, கை பிரேக் போட்டு, கியரில் விட்டு, டயருக்குக் கல் வைத்த பிறகுதான் பின்புறம் படுக்கை அறை.

லைசென்ஸ் பற்றி அடிக்கடி வரும் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. சாதாரண பிக்கப்புகள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

பழைய பிக்கப் வாங்கி இதைச் செய்ய நினைப்பவர்கள், பெயர் மாற்றத்தை 30 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். மஞ்சள் போர்டு வண்டி என்றால் எஃப்.சி. உண்டு: 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். எஃப்.சி.க்குப் போகும்போது வண்டி காலியாக, பழையபடி இருக்க வேண்டும். கழற்றக்கூடிய படுக்கை என்றால் அரை மணி நேர வேலை. பற்றவைத்திருந்தால் கேஸ் கட்டர் கொண்டுவர வேண்டியதுதான்.

அளவும் எடையும்

பட்டறைக்குப் போகும் முன் ஆர்.சி.யை எடுங்கள். அதில் வெறும் வண்டியின் எடையும் சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கணக்கு. ஓட்டுநரும் கூட வருபவரும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். டாடா ஏஸ் கோல்டு போன்ற சின்ன வண்டியே 750 கிலோ தாங்கும். அதற்கு இந்த வேலை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இசுஸு வி-கிராஸ் மாதிரி சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டில் ஓடும் பிக்கப்புகள் பார்க்கத்தான் பெரிது. சுமைத்திறன் சரக்கு பிக்கப்புகளைவிட ரொம்பக் குறைவு. 'பெரிய வண்டிதானே' என்று தண்ணீர்த் தொட்டி, அலமாரி என்று ஏற்றிக்கொண்டே போனால் மலை இறங்கும்போது பிரேக் சொல்லும் சேதி வேறு மாதிரி இருக்கும்.

ஏஸ் தளத்தின் நீளம் 2,200 மி.மீ., அகலம் 1,490 மி.மீ. ஆறடி ஆள் நீட்டிப் படுக்கலாம், தலைமாட்டில் தண்ணீர் கேனும் வைக்கலாம். வி-கிராஸில் பெட்டியின் நீளம் 5 அடிக்கும் கொஞ்சம் குறைவு. பின் கதவைத் திறந்து விட்டால்தான் கால் நீட்ட முடியும். கதவைத் திறந்தபடி ஓட்டினால் நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையும் என்பதால், பலகையை ஓடும்போது அடுக்கி வைத்து, நிறுத்திய பிறகுதான் விரிக்க வேண்டும். வண்டியின் பக்கவாட்டிலோ பின்னாலோ சாமான் துருத்திக்கொண்டு இருந்தால் பிரிவு 194(1ஏ)-இன்படி 20,000 ரூபாய் அபராதம் வரை போகும். இதை ஒரு பலகைத் துண்டுக்காகக் கட்ட வேண்டுமா?

தக்காளி கிரேட்டும் ஒரு ஷீட் பிளைவுட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பிளாஸ்டிக் கிரேட் அடுக்கிக் கிடக்கும். தக்காளியும் திராட்சையும் மார்க்கெட்டுக்குப் போவது அதில்தான். கட்டிலுக்கு அதைவிட நல்ல கால் கிடையாது என்பது என் கருத்து. சுமார் 54 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம், ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம். 9 கிரேட்டை மூன்று மூன்றாக வைத்தால் ஏறத்தாழ 162 செ.மீ.க்கு 108 செ.மீ. வரும். மேலே 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட். 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்றை மரக்கடையிலேயே வெட்டச் சொல்லி, 6 அடிக்கு 2 அடி பலகை இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 6 அடிக்கு 4 அடிக் கட்டில் ரெடி. மிச்சம் வரும் 4 அடிக்கு 2 அடித் துண்டு, பின் கதவின் மேல் போட்டால் சமையல் மேடை. ஒரே ஷீட்டில் எல்லாம் முடிந்தது. ஆணி கூட வேண்டாம். கிரேட்டுகளை ஒன்றோடொன்று கேபிள் டை போட்டுக் கட்டி, பலகையின் அடியில் இரண்டு ரீப்பர் கட்டை அடித்துவிட்டால் பலகை நழுவாது.

சாமான் எல்லாம் அந்தக் கிரேட்டுக்குள்ளேயே. பாத்திரம் ஒன்றில், துணி ஒன்றில், டார்ச், கயிறு, ஜாக்கி ஒன்றில். கனமானவை முன்பக்கம், கேபினுக்குப் பின்னால், கீழே. கொண்டை ஊசியில் வண்டி சாயாமல் இருக்க இதுதான் வழி. மொத்தத்தையும் சேர்த்து, தளத்தின் ஓரத்தில் கயிறு கட்ட ஏற்கெனவே இருக்கும் கொக்கிகளில் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். புதிதாக எதையும் துளைக்க வேண்டியதில்லை.

எடைக் கணக்கு: கிரேட் 18 கிலோ, பலகை 23, மெத்தை 15, இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன் 40, பேட்டரி 12, சிலிண்டரும் அடுப்பும் 15, பாத்திரமும் அரிசி பருப்பும் 25, துணிமணி போர்வை 20. கூட்டினால் 168 கிலோ. ஏழெட்டு மூட்டை காய்கறிக்குக் கூட வராது.

மெத்தைக்கு ஃபோமை விடத் தேங்காய் நார் மெத்தை நல்லது. காற்று ஓடும். அடியில் ஒரு கோரைப்பாய் போட்டால் ராத்திரி பிளைவுட்டில் வேர்க்கும் ஈரம் மெத்தைக்கு ஏறாது.

மேற்கூரைக்கு, மழைக்காலத்தில் சரக்கை மூட வளைவுக் கம்பி போட்டுத் தார்ப்பாய் கட்டுவோம் அல்லவா, அதே ஏற்பாடுதான். கம்பியைச் சட்டென்று உருவி எடுக்க முடிய வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் மலிவு, மழைக்குப் பலன் தரும். ஆனால் மேகமலைக் குளிரில் உள்பக்கம் மூச்சுக்காற்று குளிர்ந்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். கித்தான் துணி கொஞ்சம் கனம், விலையும் கூட, ஆனால் படுப்பதற்கு அதுதான் சுகம். எதுவானாலும் முன்னும் பின்னும் ஒரு சாண் திறப்பு விட்டு, கொசுவலை கட்டுங்கள்.

ஆனி, ஆடி மாதக் காற்றை மட்டும் லேசாக எடுக்க வேண்டாம். கணவாய் வழியாக இறங்கி வரும் அந்தக் காற்றை நம்பித்தான் தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளே நிற்கின்றன. தார்ப்பாயை விரித்தபடி ஓட்டினால் அது பாய்மரமாகிவிடும். ஓடும்போது சுருட்டிக் கட்டுங்கள். நிறுத்தும்போது வண்டி மூக்கைக் காற்றுக்கு எதிராக, மேற்கே பார்த்து நிறுத்துங்கள்.

மொத்தச் செலவு? கடைக்குக் கடை விலை மாறும். கிரேட் வீட்டிலேயே இருந்தால், பலகை, மெத்தை, தார்ப்பாய், பெல்ட், பேட்டரி, ஃபேன், விளக்கு எல்லாம் சேர்த்து 20,000 முதல் 25,000 ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கலாம். இதில் பாதிக்கு மேல் மெத்தைக்கும் பேட்டரிக்கும் போய்விடும்.

கேஸும் கரன்ட்டும்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, கீழே படியும். இப்போது உங்கள் பிக்கப்பின் தளத்தைப் பாருங்கள். நாலு பக்கமும் பலகை மூடிய இரும்புத் தொட்டி. அதில் கசிந்த கேஸ் அப்படியே கட்டிலுக்கு அடியில் தேங்கி நிற்கும். விடியற்காலையில் யாரோ ஒருவர் தீக்குச்சி உரசுவார். எனவே சமையல் எப்போதும் தரையில் அல்லது திறந்த பின் கதவில். இரவில் சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றி வண்டிக்கு வெளியே நிமிர்த்தி வைக்க வேண்டும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். இண்டேனின் 'சோட்டு' போன்ற 5 கிலோ சிலிண்டர் அடையாளச் சான்று காட்டினாலே கிடைக்கும், முகவரிச் சான்று தேவையில்லை. தெருவோரத்தில் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பிக் கொடுக்கும் குட்டிச் சிலிண்டர் சட்டவிரோதம், ஆபத்தும் கூட.

மலையில் குளிருகிறதே என்று கரி அடுப்பைத் தார்ப்பாய்க்குள் வைத்துக்கொண்டு தூங்குவது இன்னொரு எமன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். கேபினைச் சாத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்குவதும் இதே வகைதான். இன்னொரு போர்வை கொண்டு போங்கள்.

கரன்ட்டுக்கு வண்டியின் வயரிங்கில் கை வைக்காதீர்கள். தனி பேட்டரி போதும். கணக்கு எளிது: 15 வாட் 12 வோல்ட் ஃபேன் 8 மணி நேரம் ஓடினால் 120 வாட்-ஹவர், 5 வாட் விளக்கு 5 மணி நேரத்துக்கு 25, மூன்று போன் சார்ஜுக்கு 45. மொத்தம் 190. 12 வோல்ட் 40 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 480 இருக்கிறது. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்று வைத்தாலும் 240. ஓர் இரவுக்குத் தாராளம். இரண்டு இரவு என்றால் 100 வாட் சோலார் தகடு ஒன்றை, நிறுத்திய இடத்தில் வெயிலில் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். கூரையில் பொருத்த வேண்டாம். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் சார்ஜ் போடுவது திறந்த வெளியில்.

எங்கே நிறுத்துவது?

வண்டி கட்டுவதை விட இதுதான் கஷ்டம். அழகான இடம் எல்லாம் காடு, காடு எல்லாம் பாதுகாக்கப்பட்ட பகுதி. மேகமலை, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. சின்னமனூரிலிருந்து ஏறும் சாலையில் வனத்துறைச் சோதனைச்சாவடி உண்டு. இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. 'ஓரமா நிறுத்திப் படுத்துக்கிறோம் சார்' என்பது அங்கே செல்லாது. காட்டுக்குள் தீ மூட்டுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 30-இன்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. மலையேற்றம் வேண்டும் என்றால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் முறையாகப் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கப்பட்டது அது.

யானை விஷயத்துக்கு வருவோம். 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் கம்பம் நகரத்துக்குள்ளேயே நடந்து வந்ததைப் பலர் போனில் படம் பிடித்தார்கள். ஜூன் 5 அன்று அது பிடிபட்டது. அந்த யானைக்கு அந்தப் பெயரே அரிசி தேடி ரேஷன் கடைகளை உடைத்ததால் வந்தது. உங்கள் கட்டிலுக்கு அடியில் கிரேட்டில் என்ன இருக்கிறது? அரிசி, உப்பு, வாழைப்பழம். நடுவில் ஒரு தார்ப்பாய்தான். காட்டோரத் தோப்பில், தெரிந்தவர் இடமாகவே இருந்தாலும், உணவுச் சாமானோடு வண்டியில் படுக்காதீர்கள். தோட்டக்காரரிடம் 'யானை வருதா?' என்று கேட்டு, வருகிறது என்றால் ஊருக்குள் வந்துவிடுங்கள்.

ஆற்றோரமும் வேண்டாம். முல்லைப் பெரியாற்றில் லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு விடும் தண்ணீரைப் பொறுத்து நீர்மட்டம் மாறும். மேலே மலையில் மழை பெய்தால் கீழே துளி விழாமலே சுருளியில் வெள்ளம் வரும், அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிளம்பும் முன் 'டி.என்.-அலர்ட்' செயலியை ஒருமுறை பாருங்கள்.

பிறகு எங்கேதான் படுப்பது? வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிற பெட்ரோல் பங்க் (மேலாளரிடம் கேட்டு), கோயில் வாகன நிறுத்தம் (நிர்வாகத்திடம் கேட்டு), மண்டபம், தங்கும் விடுதி வளாகம், ஊருக்குள் உறவினர் களம். எல்லாவற்றிலும் 'கேட்டு' என்பது இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில், வளைவில், பாலத்தில் நிறுத்திப் படுப்பது உயிரோடு விளையாடுவது. குமுளி தாண்டிப் போகிறவர்களுக்கு இடுக்கியில் வாகமனில் காரவன் பூங்கா இருக்கிறது. கேரளம் 2021-இல் கொண்டுவந்த காரவன் சுற்றுலாத் திட்டத்தின் கீழ் வந்தது. மஞ்சள் போர்டில் மாநில எல்லை தாண்டுவதாக இருந்தால் பெர்மிட் நிலையை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு கிரேட்டைக் காலியாக விடுங்கள்.

நிரந்தரமாகவே மாற்ற வேண்டும் என்றால்

அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் பட்ஜெட் வழி அல்ல. 'கேம்பர் வேன் அல்லது டிரெய்லர், சொந்த உபயோகம்' என்று வாகன் பதிவில் தனி வகையே உண்டு. மோட்டார் காரவான்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலையும் உண்டு. பட்டறைக்குப் போகும் முன்பே உங்கள் பதிவு அலுவலகத்தில் (தேனிக்கு டி.என். 60, உத்தமபாளையத்துக்கு டி.என். 60 இசட்) வரைபடத்தோடு கேளுங்கள். பரிவாகன் தளத்தில் வாகன மாற்றத்துக்கான விண்ணப்பச் சேவை இருக்கிறது. அனுமதி வாங்கி வேலை முடித்ததும் 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவிக்க வேண்டும். வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலும் தேவை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். முடித்த வண்டியை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அது சொந்த உபயோகத்தில் வராது, வேறு பெர்மிட், வேறு வரி.

போனில் வைத்திருக்க வேண்டியவை

டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருக்கும் ஆர்.சி., லைசென்ஸ், காப்பீடு, புகைச் சான்று செல்லும். மத்திய மோட்டார் வாகன விதி 139 மின்னணு ஆவணங்களை ஏற்கிறது. ஆனால் செயலிக்குள் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது போதாது. மேகமலை போன்ற இடங்களில் சிக்னலை நம்ப முடியாது என்பதால் அசல் அட்டையையும் டாஷ்போர்டில் வையுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை வீட்டில் வைஃபையிலேயே இறக்கி, நெருங்கியவர்களின் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மலை ஏறுவதற்கு முன், கடைசியாக சிக்னல் இருக்கும் ஊரில் நிறுத்தி, இன்று இரவு எங்கே தங்குகிறீர்கள் என்று வீட்டுக்கு லொகேஷன் அனுப்பிவிட்டு ஏறுங்கள்.